நாய்க்கு யூரின்ல ரத்தம் திரும்பத் திரும்ப வந்தா வெறும் ஊசியோட விட்டுடாதீங்க

நாய் வளக்குறவங்க தயவுசெஞ்சு படிங்க. எங்க ஜிம்மி லேப்ரடார், 9 வயசு. பிப்ரவரில ஒருநாள் மொட்டை மாடில அவன் காலைத் தூக்குன இடத்துல சுண்ணாம்பு செவுத்துல செவப்பா வழிஞ்சிருந்துச்சு. பக்கத்துல இருக்குற ஒரு பெட் கிளினிக்குக்கு தூக்கிட்டு ஓடுனோம், பேர் போடல.

யூரின் இன்ஃபெக்‌ஷன்னாங்க, ஊசி போட்டாங்க, நின்னுச்சு, பத்து நாள்ல மறுபடியும் வந்துச்சு, மறுபடியும் அதே ஊசி, இப்படியே 4 தடவை. ஸ்கேன் எடுக்கலாமா சார்னு நானே கேட்டேன், வேண்டாத செலவும்மான்னு சொல்லிட்டு லேபிளே இல்லாத ஒரு கிட்னி டானிக்க 1,800 ரூபாய்க்கு குடுத்தாரு. ஒரு தடவை கூட பிபி பாக்கல. நாய்க்கு பிபி பாப்பாங்கன்னே எனக்கு அப்ப தெரியாது.

ஏப்ரல்ல ஒருநாள் காலைல எந்திரிச்சவன் கட்டில் கால்ல முட்டுறான், சோத்துத் தட்டு மூக்குக்கு நேரா இருக்கு, அதத் தாண்டிப் போறான். கண்ணு பாப்பா பெருசா விரிஞ்சு அப்படியே நின்னுடுச்சு. கிளினிக்ல வயசாயிடுச்சு, புரைன்னாங்க.

அன்னிக்கே ஆட்டோ புடிச்சு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போனோம். முன்னங்கால்ல சின்ன பட்டை சுத்தி, அவன் பதட்டம் அடங்குற வரைக்கும் காத்திருந்து, அஞ்சாறு தடவை பிபி பாத்தாங்க. 210. 160 தாண்டுனாலே கண்ணு, கிட்னி, மூளை, ஹார்ட்னு அடி விழ ஆரம்பிக்கும், 180க்கு மேல ரொம்ப ஆபத்தாம், அதுலதான் விழித்திரை கழண்டு பார்வை போயிருக்கு. ஸ்கேன்ல இடது கிட்னில எலுமிச்சம்பழம் அளவு கட்டி. ஒரு கிட்னில மட்டும் இருந்து மத்தது நல்லா இருந்தா ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம், கீமோ இதுக்கு பெருசா கேக்காதுன்னாங்க. ஆனா எக்ஸ்ரேல நுரையீரல்லயும் புள்ளி புள்ளியா இருந்துச்சு. அந்த ரெண்டு மாசத்த நெனச்சா வயிறு எரியுது.

இப்ப அம்லோடிபின் மாத்திரைல பிபி 150ல நிக்குது. அதே மாத்திரை நம்ம வீட்லயும் இருக்கும், அளவு தெரியாம நீங்களா உடைச்சுக் குடுத்துடாதீங்க. ஜெர்மன் ஷெப்பர்ட் வச்சிருக்கவங்க, தோலுக்கடில கெட்டி கெட்டியா உருண்டை தட்டுப்பட்டா கிட்னியயும் ஸ்கேன் பண்ணிப் பாத்துடுங்க, அந்த ஜாதில பரம்பரையா அப்படி ஒரு கிட்னி கேன்சர் வருது.

கிளினிக்ல பில் கேட்டதுக்கு துண்டுச் சீட்டுல எழுதிக் குடுத்தாங்க. அந்த சீட்டு, டானிக் பாட்டில், ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாத்தையும் வச்சு வெட்னரி கவுன்சிலுக்கு புகார் எழுதிட்டு இருக்கேன். ஜிம்மி என் கால்ல தலைய வச்சுப் படுத்திருக்கான்.