18,500 ரூபாய்க்கு பானெட்டில் ரெண்டு ஓட்டை: பானெட் பின் போடப் போகிறவர்கள் கவனத்துக்கு

காருக்கு பானெட் பின் போடலாம் என்று யாராவது யோசித்துக்கொண்டிருந்தால், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். (பானெட் பின் என்றால், பானெட் தானாகத் திறக்காமல் மேலிருந்து பிடிக்கிற பூட்டு: கீழே நிற்கிற ஒரு தண்டு பானெட் ஓட்டை வழியாக மேலே வரும், ஓட்டையைச் சுற்றி ஒரு வளையம், தண்டின் குறுக்கே ஒரு கிளிப்.) நான் 18,500 ரூபாய் கொடுத்தேன். பதிலுக்குக் கிடைத்தது பானெட்டில் ரெண்டு கோணல் ஓட்டை, விரிசல் விட்ட முன்கண்ணாடி, இன்று காலையிலிருந்து வாட்ஸ்அப்பில் பிளாக். கடைப் பெயரைப் போடவில்லை. கோவையில் ரீல்ஸ் போட்டே ஆள் பிடிக்கிற ஒரு கார் மாடிஃபிகேஷன் கடை, அவ்வளவுதான் சொல்வேன்.

என்னுடையது 2004 மாடல் எஸ்டீம். மாருதி இந்த வண்டியை 2007-லேயே நிறுத்திவிட்டது. இருந்தும் விற்க மனசு வரவில்லை. கரிவர்தன் மாருதி எஞ்சினை வைத்துப் பந்தயக் கார் கட்டிய ஊர் இது, செட்டிப்பாளையத்தில் அவர் பெயரிலேயே டிராக் இருக்கிறது, இங்கே பழைய எஸ்டீம் வைத்திருப்பவனுக்கு ஒரு சின்ன கிறுக்கு இருக்கத்தான் செய்யும். வண்டியில் குறை ஒன்றுதான். பானெட் லாக் தேய்ந்து, நூறைத் தொட்டால் பானெட் முன்பக்கம் லேசாகத் துடிக்க ஆரம்பித்துவிடும். கீல் கண்ணாடிப் பக்கம், லாக் முன்பக்கம். ஆகவே உள்ளே புகுகிற காற்று பானெட்டைத் தூக்கத்தான் பார்க்கும். லாக் ஒழுங்காக இருக்கிறவரை அது நமக்குத் தெரியவே தெரியாது.

அதற்காகத்தான் அந்தக் கடைக்குப் போனேன். ஓனர் சின்ன வயசுப் பையன். பேச்சில் தேன். பானெட் விளிம்பைப் பிடித்து ரெண்டு ஆட்டு ஆட்டிவிட்டு, "அண்ணா, லாக் தேஞ்சிருச்சுங்ணா. இத நம்பி டிராக் பக்கம் போயிராதீங்க" என்றான். நான் வாயே திறக்கவில்லை, அவனாகவே கண்டுபிடித்துச் சொன்னான். அங்கேதான் எனக்கு நம்பிக்கை வந்தது. சொன்னது உண்மையும்கூட. இன்றைக்கு நினைத்தாலும் அதுதான் வயிற்றெரிச்சல். விஷயம் தெரியாதவன் ஏமாற்றினால் தெரியாமல் செய்துவிட்டான் என்று விடலாம். இவனுக்கு எல்லாம் தெரியும்.

அப்புறம் போனை எடுத்து ரேலி கார் படங்களாகக் காட்டினான். பானெட்டில் ரெண்டு பின், பக்கத்தில் சிவப்பு அம்புக்குறி. "ரேலி கார்ல ஒரிஜினல் லாக்கையே எடுத்துருவாங்கண்ணா, பின் மட்டும்தான் புடிக்கும்" என்றான். பாதி நிஜம் இது. சர்வதேச ரேலி விதிகளில் ரெண்டு பின்னாவது இருக்க வேண்டும், கம்பெனி லாக்கைச் செயலிழக்கச் செய்ய வேண்டும் என்றுதான் இருக்கிறது. ஆனால் அந்த வண்டிகளை ஒவ்வொரு போட்டிக்கு முன்னாலும் ஆட்கள் குனிந்து பார்த்துச் சோதிக்கிறார்கள். மளிகை வாங்கப் போகிற வண்டிக்கு யார் சோதிப்பது? அதனால் நான் தெளிவாகவே சொன்னேன்: "தம்பி, லாக் அப்படியே இருக்கட்டும், முடிஞ்சா சரி பண்ணு. பின் கூடுதல் பாதுகாப்புக்கு." "சரிங்ணா, உங்க இஷ்டம்தான்" என்றான்.

கணக்கு இப்படி: இம்போர்ட்டட் ஸ்டெய்ன்லெஸ் பின் செட் 4,500. மாட்டும் கூலி 3,000. பானெட் அலைன்மென்ட் 2,500. ஓட்டை போட்ட இடத்துக்கும் முன்பக்கக் கீறலுக்கும் டச்சப் பெயிண்ட் 8,500. மொத்தம் 18,500. முழுசும் முன்பணம், ஜிபேயில். பில் கேட்டதற்கு லெட்டர்பேடு மாதிரி ஒரு தாளில் "பானெட் வேலை" என்று எழுதிக் கொடுத்தான். ஜிஎஸ்டி பில் டெலிவரியின்போது வரும் என்றான். வரவே இல்லை.

டெலிவரி எடுக்கும்போது வண்டி பளபளவென்று நின்றது. பின்களை அவனே போட்டுக் காட்டினான், அவனே வீடியோவும் எடுத்தான் (அந்த வீடியோ இன்னும் அவன் பக்கத்தில் ஓடுகிறது, லைக் வேறு குவிகிறது). நான் பின்னை எடுக்கக் கை வைத்தபோது தடுத்தான். "பெயிண்ட் ஈரம்ங்ணா, ரெண்டு நாள் பானெட்டத் தொறக்காதீங்க. தொறந்தா வளையத்தோட சேர்ந்து பெயிண்ட் உரிஞ்சிரும்." நியாயமாகத்தானே இருக்கிறது? உள்ளே லிவரை இழுத்துப் பார்த்தேன், கேபிள் டைட்டாகவே இருந்தது. கிளம்பினேன்.

மறுநாள் மச்சானோடு ஈரோட்டில் ஒரு விசேஷம். பெருந்துறை பக்கம், பைபாஸில் எண்பதில்தான் போய்க்கொண்டிருந்தேன். டக் என்று ஒரு சத்தம், அடுத்த நொடி பானெட் எழும்பி முன்கண்ணாடியில் அறைந்தது. எதிரே ஒன்றுமே தெரியவில்லை. பானெட்டுக்கும் டேஷ்போர்டு விளிம்புக்கும் நடுவே ஒரு விரல் அளவு சந்து. அதன் வழியாக ரோட்டின் வெள்ளைக் கோட்டைப் பார்த்துக்கொண்டே, பிரேக்கை ஓங்கி மிதிக்காமல் மெல்ல அழுத்தி, இடது பக்கம் ஒதுக்கினேன். பின்னால் வந்த லாரிக்காரர் தள்ளியே வந்திருந்தார், அவருக்கு நன்றி. கண்ணாடி லாமினேட்டட் என்பதால் விரிசலோடு நின்றது, முகத்தில் கொட்டவில்லை. மச்சான் ரொம்ப நேரம் பேசவே இல்லை.

பானெட்டைக் கயிறு போட்டுக் கட்டி, முப்பதில் உருட்டிக்கொண்டு வந்து, எங்களுக்குப் பல வருஷமாகத் தெரிந்த ஒரு டிங்கரிங் பட்டறையில் விட்டேன். அந்தப் பெரியவர் குனிந்து பார்த்துவிட்டு முதலில் கேட்ட கேள்வி: "லாக் கொக்கி எங்கீங்க?"

இல்லை. பானெட்டின் அடியில் இருக்க வேண்டிய கொக்கியையே கழற்றி எடுத்துவிட்டிருந்தார்கள். அதோடு, கை விட்டுத் தள்ளித் திறக்கிறோமே, அந்த ரெண்டாவது சேஃப்டி கேட்ச்சுக்கும் வேலை இல்லாமல் போயிற்று. கேபிள் மட்டும் கீழே சும்மா மாட்டியிருக்கிறது, லிவரை இழுத்தால் டைட்டாகத் தெரிவதற்கு.

ஏன் எடுத்தார்கள் என்பதையும் அவரே காட்டினார். பின்னின் தண்டு ரேடியேட்டர் மேலே குறுக்கே போகிற கனத்த சப்போர்ட் தகட்டில் நிற்க வேண்டும். தகட்டுக்கு மேலே ஒரு நட், கீழே ஒரு நட், ரெண்டு பக்கமும் அகலமான வாஷர். தண்டை முதலில் நிறுத்தி, அதன் முனையில் கொஞ்சம் பெயிண்டோ களிமண்ணோ வைத்து, பானெட்டை மெதுவாக இறக்கினால் எங்கே துளை போட வேண்டும் என்று அதுவே அடையாளம் வைத்துவிடும். அந்த இடத்தில் பஞ்ச் அடித்து, சின்ன பிட்டில் ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்க வேண்டும். இவர்கள் தலைகீழாகச் செய்திருக்கிறார்கள். அழகாகத் தெரியும் என்று பானெட்டில் முதலில் ஓட்டை. அதற்கு நேர் கீழே சப்போர்ட் தகடு இல்லை. ஆகவே பக்கத்தில் இருந்த ஒரு மெல்லிய பிராக்கெட்டில் தண்டை மாட்டி, இடிக்கிற ஓட்டையை அரத்தால் ராவி நீள்வட்டமாக்கி, கோணல் தண்டு பானெட்டை ஒரு பக்கம் தள்ளியதால் லாக் விழாமல் போகவே, லாக்கையே எடுத்துவிட்டார்கள். போதாததற்கு பானெட்டின் உள்பக்க ரிப்பையும் வெட்டியிருக்கிறார்கள். பானெட்டுக்குப் பலமே அந்த உள்தகடுதான்.

ஒரு தண்டில் கீழ் நட் கையால் திருகிய அளவு. தானாகக் கழலாத லாக் நட்டும் இல்லை, மறையில் தடவுகிற லாக்டைட் பசையும் இல்லை. அது அதிர்வில் கழன்று, கிளிப்போடு சேர்ந்து மேலே வந்துவிட்டது. முழுப் பாரமும் அடுத்த தண்டுக்கு. அது பிராக்கெட்டையே கிழித்துக்கொண்டு வந்தது. இதற்கு 18,500 ரூபாய்!

ஸ்டெய்ன்லெஸ் கதையையும் கேளுங்கள். வண்டி பட்டறை வாசலில் மழையில் நின்றது. கொஞ்ச நாளில் தண்டில் மறைகளுக்கு நடுவே காவி நிறம். சாதா இரும்புக்கு குரோம் பூச்சு. அதே செட்டை வேறொரு கடையில் 900 ரூபாய்க்குப் பார்த்தேன். 8,500 ரூபாய் பெயிண்ட் வேலையில், வெட்டிய விளிம்புக்கு ஒரு கோட் பிரைமர்கூடக் கிடையாது. வளையத்துக்கு அடியில் பூச்சே இல்லாத வெறும் தகடு. அங்கேயும் துரு.

இனி கடைக்காரன் பதில்கள். முதல் போனில் பதறினான்: "ஐயோ, உங்களுக்கு ஒண்ணும் ஆகலையேங்ணா? வண்டியக் கொண்டாங்க, பாத்துக்கலாம்." நான் போட்டோக்களை அனுப்பினேன். ப்ளூ டிக் விழுந்தது, அன்றோடு பதற்றம் போயிற்று. அடுத்து, வேலை செய்த பையன் லீவு. அடுத்து, அந்தப் பையன் வேலையை விட்டே போய்விட்டான். "அவன் பண்ணுனதுக்கு நான் என்னங்ணா பண்றது?" என்றான். நான் பணம் கொடுத்தது யாருக்கு தம்பி என்று கேட்டேன். லைன் கட்.

நேரில் போனேன். ஓனர் வெளியே போயிருக்கிறாராம். அவன் கார் வாசலில் நிற்கிறது. உட்கார்ந்திருந்தேன், காபிகூட வந்தது. கடைசியில் வந்து நின்று சொன்னான்: "வாரண்டி பின்னுக்கு மட்டும்தாங்ணா, வேலைக்கு இல்ல. பின் உடையலையே?" அதையும் விட்டுவிடலாம், அடுத்துச் சொன்னதுதான் தாங்கவில்லை. "நீங்க நூத்தம்பதுல போயிருப்பீங்க." அந்த எஸ்டீமில், அந்த பைபாஸில், மச்சானை வைத்துக்கொண்டு! லாக் கொக்கியை ஏன் எடுத்தாய் என்றதற்கு, "நீங்கதானங்ணா ரேலி ஸ்டைல்ல வேணும்னீங்க" என்கிறான். கூட நின்ற பையன்கள் சிரிக்கிறார்கள்.

பாதிப் பணமாவது கொடு என்றேன். 2,000 ரூபாய்க்கு அடுத்த வேலையில் டிஸ்கவுண்ட் தருகிறானாம். 18,500 வாங்கினவன்! அடுத்த வேலைக்கு நான் அங்கே போவேனாம்! நேற்று ராத்திரி கன்ஸ்யூமர் கோர்ட் என்று ஒரு மெசேஜ் போட்டேன். காலையில் பார்த்தால் அவன் டிபி காணோம். பிளாக்.

கண்ணாடிச் செலவும் என் தலையில்தான். பழைய வண்டிக்குத் தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸ் மட்டும் வைத்திருக்கிறேன். புது லாக் கிடைக்காததால் பழைய பார்ட்ஸ் கிடைக்கிற சென்னை புதுப்பேட்டையில் சொல்லிவைத்திருக்கிறது.

பின் போடுவது எப்படி, பராமரிப்பது எப்படி என்று விரிவாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். இப்போது இருக்கிற கோபத்தில் இவ்வளவுதான் வருகிறது:

ரோட்டில் ஓடுகிற வண்டியில் கம்பெனி லாக்கை எடுக்கவே விடாதீர்கள். பின் அதற்குத் துணைதான். கம்பெனி அமைப்பை மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு வேறு குறுக்கே வரும்.

ட்ரில் போடும்போது பக்கத்தில் நில்லுங்கள். தண்டு எந்தத் தகட்டில் நிற்கிறது என்று கையை விட்டுத் தடவிப் பாருங்கள். வெட்டிய விளிம்புக்குப் பிரைமர் அடித்த பிறகுதான் வளையம்.

நட் டைட், கிளிப்பின் ஸ்பிரிங், ஓட்டை ஓரத்துத் துரு மூன்றையும் வண்டி கழுவும்போதெல்லாம் பாருங்கள். கிளிப்பைக் கட்டியிருக்கிற ஒயர் பெயிண்ட்டைக் கீறும், பிளாஸ்டிக் உறை போட்டதாக வாங்குங்கள்.

ஜிஎஸ்டி பில் இல்லாமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போட்டுப் புகாரைப் பதியுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. 18,500 ரூபாய்க்கு நானும் அங்கேதான் போகிறேன், ஜிபே ஸ்கிரீன்ஷாட்டும் அந்தத் தாளும் பத்திரமாக இருக்கின்றன.

ஏற்கெனவே இந்த மாதிரிக் கடையில் பின் போட்டவர்கள், அடுத்த தடவை வண்டியை எடுப்பதற்கு முன் பானெட்டைத் தூக்கி கொக்கி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பெயிண்ட் ஈரம் என்று சொல்லியிருந்தாலும் பாருங்கள்.