லாகோஸின் இரு ஆளுநர்கள்: ஜகாண்டேயும் ஃபஷோலாவும்

நைஜீரியாவில் மாநில ஆளுநர் என்பவர் மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஆட்சித் தலைவர். லாகோஸ் மாநிலத்தை 1979 முதல் 1983 வரை ஆண்ட லத்தீஃப் ஜகாண்டே பத்திரிகையாசிரியராக இருந்து அரசியலுக்கு வந்தவர். 2007 முதல் 2015 வரை ஆண்ட பாபாதுண்டே ஃபஷோலாவோ வழக்கறிஞர், தமக்கு முன் ஆண்ட போலா டினுபுவிடம் பணியாற்றியவர்.

ஜகாண்டே பதவியேற்றபோது இடப்பற்றாக்குறையால் பள்ளிகள் காலை, மதியம் என முறை வைத்து நடந்தன. எளிய வகுப்பறைகளை விரைந்து கட்டி அம்முறையை ஒழித்த அவர், கல்வியை இலவசமாக்கி, எளியோருக்குக் குறைந்த விலை வீடுகளையும் எழுப்பினார். ஆளுநராக இருந்தும் இலுபெஜுவிலிருந்த சொந்த வீட்டிலேயே வாழ்ந்தார். ஏழை வீட்டுப் பிள்ளையை மனத்தில் வைத்து ஆண்டவர் என்பதால் இவ்விருவரில் அவரே எனக்கு உயர்ந்தவர். அவர் தொடங்கிய மெட்ரோ ரயில் திட்டத்தை அடுத்து வந்த இராணுவ அரசு கைவிட்டது பேரிழப்பு. எனினும், பின்னாளில் சர்வாதிகாரி சானி அபாச்சாவின் அமைச்சரவையில் அவர் சேர்ந்தது வருத்தத்துக்குரியது.

ஃபஷோலாவின் வலிமை நிர்வாகம். 2008இல் தனித்தட விரைவுப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. 2014இல் எபோலா பரவலைத் தடுத்ததிலும் அவரது அரசுக்குப் பெரும்பங்கு உண்டு. ஆனால், ஒஷோடியில் சாலையை அடைத்திருந்த கடைகளை அவர் அகற்றியபோது நெரிசலோடு சேர்ந்து சிறு வணிகர் பலரின் பிழைப்பும் போயிற்று.