க்யூஜிஐஎஸ்ஸில் வரைந்த வரைபடத்தை பிடிஎஃப் ஆக்குவது: நீண்ட நாள் அனுபவம்

கோத்தகிரிப் பக்கத்து ஊர்களில் ஊற்று, ஓடை, ஒற்றையடிப் பாதை, சோலை எல்லை எல்லாவற்றையும் க்யூஜிஐஎஸ் மென்பொருளில் வரைந்து, பிடிஎஃப் ஆக்கி ஊர்க்காரர்களிடம் கொடுப்பது பல வருடங்களாக என் வேலை. மென்பொருள் இலவசம், என் பழைய லேப்டாப்பிலும் நன்றாகவே ஓடுகிறது. வரைவதைவிட, வரைந்ததை ஒழுங்காக வெளியே எடுப்பதில்தான் பாடு அதிகம். இத்தனை நாளில் எனக்கு உறுதியானது இதுதான்: அச்சுக்கு ஒரு பிடிஎஃப், போனுக்கு ஒரு பிடிஎஃப் என்று தனித்தனியாகத்தான் எடுக்க வேண்டும். ஒரே கோப்பை வைத்து இரண்டையும் ஒப்பேற்ற முடியாது.

முதலில் அச்சு. பெரிய தாளில் எடுக்க நாங்கள் கீழே கோவைக்குத்தான் போக வேண்டும். அங்கே பிரின்ட் கடையில் பிடிஎஃப்பை வேறொரு வடிவமைப்பு மென்பொருளில் திறப்பார்கள். அந்தக் கணினியில் நம் தமிழ் எழுத்துரு இல்லாவிட்டால் போச்சு. ‘கோத்தகிரி’யில் கொம்பு தனியே, கால் தனியே பிரிந்து நிற்கும். லேஅவுட்டிலிருந்து (வரைபடத்தைத் தாளில் அடுக்கி அமைக்கும் பக்கத்திலிருந்து) ஏற்றுமதி செய்யும்போது எழுத்தை எழுத்தாக வைக்கவா, கோட்டுருவமாக மாற்றவா என்று ஒரு தேர்வு வரும். அச்சுக்குக் கோட்டுருவமே சரி. எழுத்து வெறும் கோடாகிவிடுவதால், எழுத்துரு இல்லாத கணினியிலும் உடையாது. பிடிஎஃப்பில் ஊர்ப்பெயரைத் தேட முடியாது என்பது உண்மைதான். ஆனால் தாளில் யார் தேடப்போகிறார்கள்?

அடுத்தது மலை நிழல். நீலகிரியை நிழல் இல்லாமல் வரைந்தால் மேடும் பள்ளமும் கண்ணுக்குப் பிடிபடாது. பலரும் நிழல் லேயரை (அடுக்கை) ‘மல்டிப்ளை’ முறையில் மற்ற நிறங்களோடு கலக்க விடுவார்கள். திரையில் அழகாகத்தான் இருக்கும். பிடிஎஃப்பில் மட்டும் அந்த வரைபடம் முழுக்க, ஊர்ப்பெயர்களும் சேர்ந்து, புள்ளிகளால் ஆன ஒரே படமாக மாறிவிடும். பெரிதாக்கிப் பார்த்தால் எழுத்தின் ஓரம் பிசிறடிக்கும். நான் நிழலை வெளிர் சாம்பலில், சாதாரண முறையிலேயே எல்லாவற்றுக்கும் அடியில் போடுகிறேன். அழகு கொஞ்சம் குறையும், எழுத்து கத்தி மாதிரி வரும். சம உயரக் கோடுகளிலும் நிதானம் வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை ஏற்றம் ஏறக்குறைய 1,500 மீட்டர். 20 மீட்டருக்கு ஒரு கோடு என்றால் 75 கோடுகள். ஏ4 தாளில் அந்தச் சரிவு வெறும் மையாகத்தான் தெரியும். 100 மீட்டர் இடைவெளி போதும்.

அளவு விகிதம் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். 1:25,000 அளவில் ஏ3 தாளில் சுமார் பத்தரைக்கு ஏழரை கிலோமீட்டர் அடங்கும், ஒரு ஊருக்கும் அதன் ஓடைகளுக்கும் தாராளம். அதையே கடையில் ஏ4-க்குச் சுருக்கிக் கொடுத்தால் உண்மையில் அது சுமார் 1:35,000 ஆகிவிடும், ஓரத்தில் மட்டும் 25,000 என்றே இருக்கும். அதனால் எண்ணோடு அளவுகோல் பட்டையும் போடுகிறேன். தாள் சுருங்கினால் பட்டையும் கூடவே சுருங்கும், பொய் சொல்லாது. ‘ஃபிட் டு பேஜ்’ வேண்டாம், ‘ஆக்சுவல் சைஸ்’ என்று கடையில் வாய் திறந்து சொல்லிவிடுங்கள்.

தாளுக்கு ஈடு எதுவும் இல்லை என்பது என் கட்சி. ஊர்க் கூட்டத்தில் ஏ1 தாளைத் தரையில் விரித்தால், பெரியவர்கள் முதலில் அதைத் திருப்புவார்கள். எதிரே தெரியும் மலை தாளிலும் எதிரே வரும்வரை திருப்பிவிட்டு, அப்புறம்தான் ஓடையில் விரல் வைப்பார்கள். வடக்கு மேலே இருக்க வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை.

போனுக்கான கோப்பு வேறு கணக்கு. இங்கே இடக்குறிப்புத் தகவலை, அதாவது வரைபடம் பூமியில் எந்த இடம் என்ற விவரத்தை, சேர்க்கும் தேர்வு கட்டாயம். அது இருந்தால் அவென்சா மேப்ஸ் போன்ற செயலியில் சிக்னலே இல்லாத சரிவிலும் நாம் நிற்கும் இடம் புள்ளியாகத் தெரியும். “அக்கா, ஊற்றுக்கிட்ட வந்துட்டேன், புள்ளியும் அங்கேயே நிக்குது” என்று களப்பணித் தம்பி சாயங்காலம் சொன்னபோது, இந்த வேலைக்குப் பட்ட பாடெல்லாம் தகும் என்று தோன்றியது. அந்தச் செயலியின் இலவசப் பதிப்பில் நாமே ஏற்றும் வரைபடங்களுக்கு எண்ணிக்கை வரம்பு உண்டு. பழையதை நீக்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

குந்தா பக்கமெல்லாம் 40 எம்பி கோப்பு இறங்குவதற்குள் பொறுமை போய்விடும். 300 டிபிஐயை (ஒரு அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கை) 150 ஆக்கி, படச் சுருக்கத்தை ஜேபெக் முறையில் வைத்தால் கோப்பு நன்றாக இளைக்கும், போன் திரைக்கு அது போதும். வாட்ஸப்பில் டாக்குமென்ட்டாகவே அனுப்புங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் படமாக அனுப்பினால் எழுத்தும் கலங்கும், இடக்குறிப்பும் போய்விடும்.

இரண்டு கோப்பின் ஓரத்திலும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடத் தரவின் பங்களிப்பாளர்களுக்கான நன்றியும், வரைந்த தேதியும் இருக்க வேண்டும். நன்றி அவர்களின் உரிம நிபந்தனை. தேதி நமக்காக: மழைக்கு மண் சரிந்து பாதை மாறிய பிறகும், பழைய பிடிஎஃப் குழுக்களில் சுற்றிக்கொண்டேதான் இருக்கும்.