நிக்கா ஃப்ரம் த பரல்: குட்டிப் போத்தல், 51.4 சதவீத மதுசாரம்

ஜப்பானின் நிக்கா நிறுவனத்தின் இந்த விஸ்கியைக் காசு கொடுத்து வாங்கலாமா என்று கேட்டால், தாராளமாக வாங்கலாம். மச்சான் வெளிநாட்டிலிருந்து வரும்போது கொண்டுவந்ததை கல்லடியில் பொரித்த இறாலோடு திறந்தோம். முதல் மிடறு காரமாகத்தான் இறங்குகிறது, அப்புறம் கருக்கிய சீனி, தோடம்பழத் தோல், கொஞ்சம் கறுவா என்று ஒவ்வொன்றாக வருகிறது. மட்டக்களப்பு வெக்கைக்கு ஐஸ் சட்டென்று உருகிவிடும், ஆனாலும் சுவை நீர்த்துப் போகவில்லை.

காரணம் செய்முறைதான். நூற்றுக்கும் மேற்பட்ட மோல்ட் (முளைவிட்ட பார்லி), கிரெய்ன் (மற்றத் தானியங்கள்) விஸ்கிகளைக் கலந்து, கலந்ததை மறுபடி சில மாதங்கள் பீப்பாயில் ஊறவிட்ட பிறகுதான் அடைக்கிறார்கள். நிக்காவைத் தொடங்கிய மசதாகா தகெட்சுரு 1918இல் ஸ்கொட்லாந்து போய்த் தொழில் பழகியவர், சன்டோரி நிறுவனர் ஷின்ஜிரோ டோரியின் யமசாக்கி வடிசாலையை எழுப்ப உதவிவிட்டு 1934இல் ஜப்பானின் வடக்கே ஹொக்கைடோவின் குளிரில், யோய்ச்சியில், சொந்தமாக ஆரம்பித்தார். அங்கே இன்றைக்கும் செப்புப் பானைக்குக் கீழே நிலக்கரியை அள்ளிப் போட்டுத்தான் வடிக்கிறார்கள், அந்த உழைப்புக்கு என் மரியாதை.

ஒரு குறை சொல்லியே ஆக வேண்டும். முழுக்க ஜப்பானிலேயே வடித்து, குறைந்தது 3 வருடம் மரப் பீப்பாயில் வைத்ததைத்தான் ஜப்பானிய விஸ்கி என்று சொல்லலாம் என 2021இல் அவர்களது உற்பத்தியாளர் சங்கம் விதி போட்டது, இது அதற்குள் வராது என்று நிக்காவே ஒத்துக்கொள்கிறது. சுத்த ஜப்பான் சரக்குதான் வேண்டுமென்றால் அந்த ஒரே வடிசாலையின் மோல்ட் மட்டும் உள்ள யோய்ச்சி சிங்கிள் மோல்ட்டைக் கேளுங்கள். இது வெறும் 500 மில்லி, நாலு பேருக்கு மேல் கூப்பிடாதீர்கள்.