காதர்பேட்டைக் குளிர் உடைகள்: மாசி மாத ஊட்டிக்குத் தாங்குமா?

திருப்பூர் ரயில் நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம், காதர்பேட்டை அவ்வளவு பக்கம். ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சிய சர்ப்ளஸ், செக்கிங்கில் கழிந்த செகண்ட்ஸ், உள்ளூர்ச் சந்தைக்கென்றே ஓட்டிய சரக்கு என மூன்றும் அங்கே ஒரே கம்பியில் தொங்கும். தை, மாசியில் ஊட்டி, கோத்தகிரி கிளம்புகிறவர்களும், பிள்ளையைக் கனடாவுக்கோ ஜெர்மனிக்கோ படிக்க அனுப்புகிற பெற்றோரும் குளிர் உடை என்றதும் முதலில் நினைப்பது இந்த இடத்தைத்தான். நடு அடுக்குக்கு, அதாவது உள்பக்கம் பஞ்சாக எழுப்பிய ‘ப்ளீஸ்’ (fleece) துணியில் தைத்த ஹூடி, ஸ்வெட்ஷர்ட், ட்ராக் பேன்ட்டுக்கு, கொங்கு நாட்டில் இதைவிட நல்ல இடம் கிடையாது. தோலை ஒட்டிப் போடும் இன்னரைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். காற்றையும் ஈரத்தையும் தடுக்கும் மேலுடை வேண்டுமென்றால் இங்கே அலைவது வீண்.

ஏன் இப்படி மூன்றாகப் பிரிக்க வேண்டும்? மலையில் மாசி மாதத்தின் குணம் அப்படி. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் நவம்பரில் தொடங்கும் உறைபனி பிப்ரவரியிலும் விட்டுவிட்டு வரும். மேகமில்லாத, காற்றசையாத இரவில் தரை தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு இழந்துவிடுகிறது. வானிலை நிலையத்தின் வெப்பமானி தரையிலிருந்து நாலடி உயரத்தில் இருப்பது. அது 3 டிகிரி காட்டும்போதே புல்தரை பூஜ்ஜியத்துக்குக் கீழே போயிருக்கலாம். குளிர்ந்த காற்று கனமானது என்பதால் பள்ளங்களில் இறங்கித் தேங்கும். தலைகுந்தா, காந்தல் பக்கம் புல் வெளுத்துக் கிடக்கையில் மேட்டில் இருக்கும் விடுதி வாசலில் ஒன்றுமே இருக்காது. அதே நாள் மதியம் வெயில் 20 டிகிரியைத் தாண்டி முதுகில் வேர்க்கும். சாயங்காலம் மேகம் மூடினால் உறைபனி வராது, சாரலும் மூடுபனியும் வரும். தடித்த ஸ்வெட்டர் ஒன்றை மட்டும் எடுத்துப்போனால் இந்த மூன்றில் ஒன்றைத்தான் சமாளிக்கலாம். கழற்றவும் போடவும் தோதான மூன்று அடுக்குகள்தான் சரி.

முதல் அடுக்கில்தான் பலர் ஏமாறுகிறார்கள், அதிலும் நல்ல சரக்கு வாங்கியே ஏமாறுகிறார்கள். கடையில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் இப்படி இருக்கும்:

“அண்ணா, இந்தத் தெர்மல்ல என்ன கலந்திருக்குங்க?”

“கலப்படமே இல்லைங்க. நூறு பர்சன்ட் காட்டன், எக்ஸ்போர்ட் குவாலிட்டிங்க.”

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. பனியன் ஊரில் நூறு சதவீதப் பருத்தி என்பது பெருமைதான். ஆனால் பருத்தி வேர்வையைக் குடித்துத் தன்னுள்ளேயே வைத்துக்கொள்ளும். தொட்டபெட்டாவில் ஏறி இறங்கி வேர்த்துவிட்டு, வெயில் சாய்ந்ததும் அந்த ஈரப் பனியனோடு நின்றால், அதன் ஈரம் உடம்புச் சூட்டை உறிஞ்சியே காய வேண்டும். நடக்காமல், நனையாமல், அறைக்குள் தூங்குவதற்குப் பருத்தி இன்னர் அருமை. பைக்கில் போகிறவர்களும் மலையில் நடக்கிறவர்களும் பாலியஸ்டர் கூடுதலாக உள்ள துணியை எடுக்க வேண்டும். விஸ்கோஸ்-அக்ரிலிக் கலவையும் பரவாயில்லை. மெரினோ கம்பளி என்று யாராவது மலிவு விலைக்குச் சொன்னால் நம்ப வேண்டாம்.

லேபிள் வெட்டிய சரக்கில் என்ன நூல் என்று தெரிய இரண்டு வழி. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சலவை செய்த பருத்தி உடனே குடித்துவிட்டு அங்கேயே நனைந்து நிற்கும். பாலியஸ்டரில் சொட்டு சற்று உருண்டு நிற்கும், அல்லது ஈரத்தைக் கடத்தும் ஃபினிஷ் கொடுத்த துணியாக இருந்தால் அகலமாகப் பரவிச் சீக்கிரம் காயும். இது ஓரளவுக்குத்தான் சொல்லும். உறுதியான சோதனை நெருப்பு. உள்பக்கத் தையலோரம் தொங்கும் துணி நூலை ஒரு துண்டு எடுத்து, கடைக்கு வெளியே வந்து பற்றவையுங்கள். தைத்த நூலை எடுக்கக் கூடாது, அது பெரும்பாலும் பாலியஸ்டராகவே இருக்கும். காகிதம் எரியும் வாசமும் மெல்லிய சாம்பலும் பருத்திக்கு. உருகிக் கெட்டியான மணியாக நின்றால் பாலியஸ்டர் அல்லது அக்ரிலிக். முடி கருகும் நாற்றம் வந்து, கையில் நசுக்கினால் பொடியாகும் கரி கிடைத்தால் கம்பளி. இன்னரின் ஜி.எஸ்.எம்., அதாவது ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை, 160 முதல் 220 வரை இருந்தால் போதும். அதற்கு மேல் தடிமனாக எடுத்தால் மேலே ஹூடி போடும்போது அக்குள் பிடிக்கும்.

இனி காதர்பேட்டை தலைநிமிரும் இடத்துக்கு வருவோம். ‘த்ரீ த்ரெட்’ ப்ளீஸ் என்பது முகப்பு நூல், கட்டு நூல், லூப் நூல் என மூன்று நூலில் பின்னப்படும் துணி. உள்பக்கம் இருக்கும் லூப் நூலை ரைசிங் மெஷினில் கம்பி உருளைகள் சீவிச் சீவிப் பஞ்சாக எழுப்பும். அந்தப் பஞ்சுக்குள் சிக்கி அசையாமல் நிற்கும் காற்றுதான் குளிரைத் தடுக்கிறது. சீவாமல் லூப்பாகவே விட்ட துணியையும் சில கடைகளில் ப்ளீஸ் என்றே விற்பார்கள். உள்ளே கைவிட்டுப் பார்த்து, வளையம் வளையமாகத் தட்டுப்பட்டால் அது மாலை நேர நடைக்கு மட்டும்தான். ரைசிங் அளவுக்கு மீறிப் போனால் லூப் நூல் பலவீனமாகி, நாலு சலவையில் பஞ்சு கொட்டி மொட்டையாகிவிடும். கறுப்புக் கர்ச்சீப்பால் உள்பக்கத்தை அழுத்தித் தேய்த்தால் நாலைந்து இழை ஒட்டுவது சகஜம். கர்ச்சீப்பே வெளுத்துப்போனால் கீழே வைத்துவிடுங்கள்.

தடிமனைத் தொட்டுப் பார்த்துச் சொல்வது மில்லில் இருபது வருடம் இருந்தவருக்கே சரியாக வரும். மற்றவர்களுக்குச் சமையலறைத் தராசு போதும். பெரியவர்களுக்கான எம் சைஸ் ஹூடி ஒன்றுக்குத் தோராயமாக 1.8 சதுர மீட்டர் துணி போகிறது. 280 ஜி.எஸ்.எம். துணியென்றால் அரை கிலோவைத் தொட வேண்டும். 400 கிராம் காட்டுகிற ஹூடியைப் பார்த்து “முந்நூறு ஜி.எஸ்.எம்.ங்க” என்றால் சிரித்துவிட்டு நகரலாம். ஊட்டிக்கு 280 முதல் 320 வரை உள்ளதை எடுங்கள்.

செகண்ட்ஸில் எல்லாக் குறையும் குறையல்ல. கலர் ஷேட் மாறியது, பிரின்ட் நகர்ந்தது, எண்ணெய்க் கறை ஆகியவற்றால் குளிருக்கு ஒரு நஷ்டமும் இல்லை, விலையில் லாபம். ஆனால் தையலோரத்தில் ஊசி குத்திய சின்ன ஓட்டை இருந்தால் விட்டுவிடுங்கள், நிட் துணியில் அது இழுக்க இழுக்க ஓடும். மணிக்கட்டில் இறுக்கிப் பிடிக்கும் ரிப் பட்டியை இரு விரலால் நன்றாக இழுத்து விடுங்கள். உடனே சுருங்கித் திரும்பாவிட்டால், மணிக்கட்டு வழியாகக் காற்று முழங்கை வரை ஏறும். பக்கத் தையல் முன்பக்கம் திருகி வந்திருந்தால் சலவையில் இன்னும் திருகும். ஜிப் வைத்த ஹூடியாக இருந்தால் ஜிப்பை மேலும் கீழும் பத்து முறையாவது ஓட்டிப் பார்க்க வேண்டும்.

மேலுடைக்கு வருவோம். 5 டிகிரிக் குளிரில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் பைக் ஓட்டினால், திறந்த தோலுக்கு அது மைனஸ் 1 டிகிரி போல உறைக்கும். எத்தனை தடித்த ப்ளீஸும் சல்லடைதான், காற்று உள்ளே புகுந்து அந்தப் பஞ்சில் நின்ற சூட்டை அடித்துக்கொண்டு போய்விடும். ஒரு சாதாரண இரண்டு பீஸ் ரெயின்கோட்டை ஹூடிக்கு மேல் போட்டால் கிடைக்கும் பலன், இரண்டாவது ஹூடி போட்டாலும் கிடைக்காது. அதைக் கோவையிலோ ஈரோட்டிலோ ரெயின்கோட் கடையில் வாங்கிக்கொள்ளலாம். உள்ளே வேர்த்தால் நின்று, ஜிப்பைத் திறந்து ஆற்றிவிட்டுப் போக வேண்டும்.

பின்னல் கையுறைகள் காதர்பேட்டையில் குவிந்து கிடக்கும். பைக்குக்கு அவை உதவாது. விரல் மரத்தால் பிரேக்கைப் பிடிக்கத் தாமதமாகும், வழுக்கும் சாலையில் அந்தத் தாமதமே ஆளைத் தள்ளும். காற்றுப் புகாத ரைடிங் கையுறைக்குத் தனியாகச் செலவு செய்யுங்கள். மங்கி குல்லாவை ஹெல்மெட்டுக்குள் போடுவதும் தவறு. அந்தத் தடிமன் ஹெல்மெட்டைத் தூக்கிவிடும், பட்டை சரியாக இறுகாது. மெல்லிய முகமூடித் துணி போதும். மப்ளர், துப்பட்டாவின் நுனியைக் கோட்டுக்குள் செருகியே ஆக வேண்டும், சக்கரத்தில் சிக்கினால் கழுத்துக்கே ஆபத்து.

கேம்ப் ஃபயர் வைக்கிற விடுதிக்குப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சீவி எழுப்பிய பருத்திப் பஞ்சில் பொறி பட்டால் தீ மேற்பரப்பில் சட்டென்று ஓடிப் பரவும். பாலியஸ்டரில் செய்த போலார் ப்ளீஸ் உருகித் தோலில் ஒட்டும். குழந்தைக்கு ப்ளீஸ் உடை போட்டிருந்தால் நெருப்பருகே விடாதீர்கள். கரி அடுப்பை அறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்துவது அதைவிடக் கொடியது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசம் கிடையாது. தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் என்று தொடங்கித் தூக்கத்திலேயே உயிரைக் குடித்துவிடும், மலை விடுதிகளில் இப்படிச் சாவு நேர்ந்திருக்கிறது. தணல் அணைந்தது போலத் தெரிந்தாலும் அந்த வாயு வந்துகொண்டேதான் இருக்கும். சுடுதண்ணீர்ப் பை ஒன்றும் கூடுதலாக ஒரு ரஜாயும் போதும்.

காரில் போகிறவர்கள் இரவில் முன் கண்ணாடியை அட்டையாலோ பழைய போர்வையாலோ மூடிவைத்தால் காலையில் சுரண்டும் வேலை இருக்காது. வெண்பனி பிடித்த கண்ணாடியில் சுடுதண்ணீர் ஊற்றினால் விரிசல் விடும். விடியற்காலையில் வெயில் படாத சோலையோர வளைவுகளையும் பாலங்களையும்தான் நம்பக் கூடாது. மற்ற இடம் காய்ந்திருக்கும்போதும் அங்கே தார் வழுக்கும். மலைப்பாதை முழுக்கக் கொண்டை ஊசி வளைவுகள். ஏறுகிற கியரிலேயே இறங்க வேண்டும், பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும். எட்டு மணி வெயில் ஏறும்வரை ஒரு டீயோடு காத்திருந்து கிளம்பினால் பாதித் தொல்லை இல்லை.

வெளிநாடு போகும் பிள்ளைகளுக்கு இங்கிருந்து மூன்று, நான்கு செட் இன்னரும் இரண்டு ப்ளீஸும் வாங்கி அனுப்பலாம். ஜாக்கெட்டையும் ஷூவையும் அங்கே போய் வாங்குவதுதான் புத்திசாலித்தனம். டொரன்டோவில் பிப்ரவரி, மார்ச்சில் பகலில் உருகும் பனி இரவில் மறுபடி உறைந்து, தார் நிறமே தெரியும் கண்ணாடிப் படலமாக நடைபாதையில் கிடக்கும். தூவிவைக்கும் சாதாரண உப்பும் மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே பெரிதாக வேலை செய்யாது. இங்கே போடும் ஸ்போர்ட்ஸ் ஷூவின் அடிப்பாகம் அந்தக் குளிரில் விறைத்துப் பிடிமானம் இழக்கும். குட்டி எட்டு வைத்து, முழுப் பாதத்தையும் பதித்து, கையைப் பாக்கெட்டில் விடாமல் நடக்கச் சொல்லுங்கள்.

வாங்கப் போகும் நேரமும் முக்கியம். மேல்நாட்டுக் குளிர்கால ஆர்டர்கள் வருடத்தின் நடுவிலேயே ஓடி முடிந்துவிடும், சர்ப்ளஸ் அதன் பின்னால் கடைக்கு வரும். ஐப்பசி, கார்த்திகையில் போனால் எல்லா சைஸும் இருக்கும். மாசியில் டபுள் எக்ஸெலும் குழந்தை சைஸும்தான் மிச்சம். அமெரிக்காவுக்கென்று தைத்த சரக்கில் ஒரு சைஸ் குறைத்து எடுக்க வேண்டியிருக்கும். லேபிளை நம்பாமல், நன்றாகப் பொருந்தும் பழைய சட்டை ஒன்றைக் கொண்டுபோய் மார்பகலத்தை மேலே வைத்துப் பாருங்கள். மொத்தக் கடைகளில் செட்டாகத்தான் கொடுப்பார்கள், ஒற்றைப் பீஸுக்குச் சில்லறைக் கடையைத் தேட வேண்டும். பெரும்பாலும் பில் இருக்காது, ரிட்டர்ன் எடுக்க மாட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் உள்பக்கத்தை வெளியே திருப்பி, தனியாகப் பச்சைத் தண்ணீரில் அலசி, நிழலில் காயவையுங்கள். சாஃப்ட்னர் ஊற்றினால் துணி ஈரத்தைக் கடத்துவது குறைந்துவிடும். அயர்ன் பெட்டியைப் போலார் ப்ளீஸ் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.