படைத்தளத்து இலவச சட்ட உதவி ஆபீஸ்: வாய்தாவுக்கு நம்பிப் போகலாம், வழக்காட வேறு ஆள் பாருங்கள்

அமெரிக்க ராணுவத்தில் இருக்கும்போது விவாகரத்து சம்மன் வந்தால் முதலில் போக வேண்டிய இடம் தளத்துக்குள்ளேயே இருக்கும் லீகல் அசிஸ்டன்ஸ் ஆபீஸ்தான். பைசா செலவில்லை. எனக்கு வெளிநாட்டுப் பணி உத்தரவு கையில் இருந்த நேரத்தில் வேறு மாநிலத்திலிருந்து சம்மன் வந்தது. மாவ்னி என்ற ஆள்சேர்ப்புத் திட்டத்தில் தமிழ் தெரிந்ததை வைத்து ராணுவத்துக்கு வந்த நண்பர்கள் சிலர் இந்த ஆபீஸ் எப்படி என்று கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதுகிறேன்.

உள்ளே போனதும் என்ன பிரச்சினை என்று கேட்க மாட்டார்கள், மனைவி பெயர் என்ன என்றுதான் கேட்பார்கள். குடும்பத்தினருக்கும் இதே ஆபீஸ்தான் என்பதால், அவர் முந்திக்கொண்டு ஆலோசனை வாங்கியிருந்தால் அதே வக்கீல் உங்களோடு பேச முடியாது, வேறு இடத்துக்குக் கைகாட்டிவிடுவார்கள். அதனால் தள்ளிப்போடாதீர்கள்.

எனக்குக் கிடைத்த ராணுவ வக்கீல் ஒரு இளம் கேப்டன், கெட்டிக்காரப் பெண். 2003-ல் வந்த எஸ்சிஆர்ஏ என்ற, பணியில் இருக்கும் படையினரைச் சிவில் வழக்குகளில் பாதுகாக்கும் சட்டப்படி, பணி காரணமாக ஆஜராக முடியாதவர் முறையாகக் கேட்டால் நீதிமன்றம் குறைந்தது 90 நாள் வழக்கை நிறுத்தி வைத்தே ஆக வேண்டும். அந்த "முறையாக" என்பதில்தான் விஷயமே இருக்கிறது. பணி எப்படித் தடையாக இருக்கிறது, எந்தத் தேதியில் வர முடியும் என்று நம் கடிதத்தில் இருக்க வேண்டும். பணியால் வர முடியாது, இப்போது லீவும் கிடையாது என்று கமாண்டர் தனியாக எழுத வேண்டும். எங்கள் யூனிட்டிலிருந்து வந்தது ஒற்றை வரிக் கடிதம், பணியில் இருக்கிறார் என்று மட்டும். கேப்டன் அதைப் பார்த்ததும் பென்சிலால் வட்டம் போட்டு, லீவு பற்றி ஒரு வார்த்தைகூட இல்லையே என்று திருப்பி அனுப்பினார். திருத்தி வந்த கடிதத்தோடு தாக்கல் செய்தோம், வாய்தா கிடைத்தது. இப்படிக் கேட்பதாலேயே அந்த மாநில நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஒப்புக்கொண்டதாக ஆகாது என்பதையும் அவர்தான் சொன்னார்.

ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள், இது விவாகரத்தைத் தடுக்கும் சட்டம் இல்லை, நாம் இல்லாத நேரத்தில் எக்ஸ்பார்ட்டியாக, அதாவது ஒருதரப்பை மட்டும் கேட்டு, முடித்துவிடாமல் பார்த்துக்கொள்வது, அவ்வளவுதான். எதிர்த்தரப்பு நாம் பணியில் இருக்கிறோமா இல்லையா என்று பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும், பணியில் இருக்கிறோம் என்று தெரிந்தால் நமக்கு ஒரு வக்கீலை நியமிக்காமல் நீதிபதி தீர்ப்பு எழுத முடியாது. 90 நாளுக்கு மேல் நீட்டிப்பது நீதிபதி இஷ்டம்.

சரி, குறை? கோர்ட்டுக்கு வரவே மாட்டார்கள். ஆலோசனை, கடிதம், படிவம், அதோடு சரி. வழக்கை நடத்த வெளியே ஒரு வக்கீலைப் பிடித்தேன், நிறுவனத்தின் பெயர் வேண்டாம். குடும்ப வழக்குகளில் பழம் தின்று கொட்டை போட்டவர் என்றார்கள். 10 வருடம் சேர்ந்து வாழவில்லை, பென்ஷனில் மனைவிக்குப் பங்கே கிடையாது என்று அடித்துச் சொன்னார். தப்பு! 10 வருட திருமணமும் அதே காலத்தில் 10 வருட சேவையும் இருந்தால் பங்கை டிஃபாஸ் (ராணுவச் சம்பளம், பென்ஷன் பட்டுவாடா செய்யும் அலுவலகம்) நேரடியாக மனைவிக்கு அனுப்பும், இல்லையென்றால் நம் கையால் கொடுக்க வேண்டியிருக்கும். பங்கு உண்டா இல்லையா என்பது மாநிலச் சட்டமும் நீதிபதியும் முடிவு செய்வது. இதையும் அந்தக் கேப்டன்தான் பத்து நிமிஷத்தில் தெளிய வைத்தார், காசு வாங்கிய வெளி வக்கீல் இல்லை. வெளியே ஆள் பிடிக்கும்போது ராணுவ பென்ஷன் பிரித்த அனுபவம் உண்டா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

ஆபீஸுக்கு 5-க்கு 4. போன் எடுக்க வைப்பதற்குள் உயிர் போகிறது, நேரில் போய் அப்பாயின்ட்மென்ட் வாங்குவது மேல்.