பெயிண்ட் அடிக்கும்வரை விமானத்தின் ஃபைபர் பாகங்களுக்கு எது காப்பு?

சொந்தமாக விமானம் கட்டுபவர்கள் பெயிண்ட் வேலையைக் கடைசிக்குத் தள்ளிவைப்பதற்கு நல்ல காரணம் உண்டு. பறக்கத் தொடங்கிய பிறகுதான் எங்கே எண்ணெய் கசிகிறது, கவுலிங் (இன்ஜினை மூடும் உறை) எங்கே உரசுகிறது, காற்று போகும் வழியை எங்கே வெட்டித் திருத்த வேண்டும் என்பதெல்லாம் தெரியவரும். அமெரிக்காவில் இப்படிக் கட்டிய விமானங்களுக்குப் பொதுவாக 25 அல்லது 40 மணி நேரம் சோதனைப் பறத்தல் உண்டு. அதற்கு முன்பே பளபளவென்று அடித்துவிட்டால், ஒவ்வொரு திருத்தத்துக்கும் பெயிண்டைச் சுரண்ட வேண்டும். அலுமினியத் தகடு அதுவரை தாக்குப்பிடிக்கும். கவலையெல்லாம் ஃபைபர் பாகங்களைப் பற்றித்தான், அதாவது கண்ணாடியிழையை எபாக்சி ரெசின் என்ற பிசினில் ஊறவைத்து இறுக்கிய பாகங்கள்: கவுலிங், சக்கர உறைகள், இறக்கை முனைகள், வால் முனைகள்.

நாங்கள் ஓசூரில், மத்திகிரி பக்கம் ஒரு ஷெட்டில் கட்டிவரும் இரண்டு இருக்கை விமானத்துக்கு டூ-கே எபாக்சி பிரைமரை, அதாவது இறுக வைக்கும் ஹார்டனரைக் கலந்து அடிக்கும் இரு பாக அடிப்பூச்சைத் தேர்ந்தெடுத்தோம். இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். மற்றவற்றை ஏன் ஒதுக்கினோம் என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

சும்மா விடுவது: ஷெட்டுக்குள்ளேயே மூடிவைக்க முடிந்தால் பல மாதங்களுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. வெயிலில் நிற்கும் என்றால் வேண்டாம். புற ஊதாக் கதிர் எபாக்சிக்கு ஆகாது. முதலில் மஞ்சளிக்கும், அப்புறம் மேற்பரப்பு தூளாக உதிரும், நாளடைவில் இழையே வெளியே தெரியும். அதைவிடத் தொல்லை எண்ணெய். ஊசித் துளைகளுக்குள் எண்ணெய் ஒருமுறை இறங்கிவிட்டால் எவ்வளவு துடைத்தாலும் முழுசாக வராது. பிறகு அடிக்கிற பெயிண்ட் அந்த இடத்தில் ஒட்டாமல் குழி குழியாக விலகும்.

என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பிரைமர்: விலை குறைவு, எந்தப் பெயிண்ட் கடையிலும் கிடைக்கும், அரை மணியில் காய்ந்துவிடும். ஆனால் காய்ந்த பிறகும் தின்னர் பட்டால் கரையும் சரக்கு அது. மேலே டூ-கே பெயிண்ட் அடிக்கும்போது அதிலுள்ள தின்னர் அடியில் இருப்பதை இளக்கிச் சுருங்க வைத்துவிடலாம். மழை ஈரத்தையும் எண்ணெயையும் உறிஞ்சிக்கொள்ளவும் செய்யும்.

சர்பேசர் (துளைகளை நிரப்பும் கனமான பூச்சு): பாகலூர் ரோட்டில் லாரி கேபினுக்குப் பெயிண்ட் அடிக்கும் அண்ணன் ஒருவர், "சார், சர்பேசர் ரெண்டு கோட் போடுங்க, எல்லாத் துளையும் மூடிரும், தேய்க்கவும் சுலபம்" என்றார். அவர் சொன்னது உண்மை, கனமாக நின்று நிரப்பும். ஆனால் பாலியஸ்டர் சர்பேசர் ஈரம் உறிஞ்சும். மேலே எதுவும் அடிக்காமல் மழையில் விட அது ஏற்றதல்ல. கனமாகப் போட்டால் எடை கூடும், மெல்லிய பாகம் வளையும்போது விரிசல் விடும். பி.யு. (பாலியூரித்தேன்) சர்பேசரின் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது, நுரையீரலுக்கு ஆபத்தானது. சாதாரணத் துணி முகமூடியோடு வீட்டு ஷெட்டில் அதை அடிக்கவே கூடாது. சர்பேசரை நான் சக்கர உறைகளில் மட்டும், அதுவும் எபாக்சிக்கு மேல்தான் பயன்படுத்தியிருக்கிறேன். அதனால் இதற்கு மேல் உறுதியாகப் பேச மாட்டேன்.

சிலர் அலுமினியத் தூள் கலந்த சில்வர் பெயிண்ட் அடிக்கலாம் என்பார்கள். வெயிலை நன்றாகவே தடுக்கும். ஆனால் இறக்கை முனைக்குள் ஆன்டெனா வைத்திருந்தால் அது ரேடியோ அலைக்கும் குறுக்கே நிற்கும்.

இனி எபாக்சி. என்னைப் பொறுத்தவரை தீர்மானிக்கும் கேள்வி ஒன்றுதான்: பெயிண்ட் அடிக்கிற அன்றைக்கு எதைக் கழற்றி எறிய வேண்டியிருக்கும்? விலை, காயும் நேரம் எல்லாம் அதற்குப் பிறகு. என்.சி.யை முழுக்கத் தேய்த்து எடுக்க வேண்டும். ஃபைபரில் அப்படித் தேய்க்கும்போது கொஞ்சம் கை அழுந்தினாலும் உப்புத்தாள் இழையை வெட்டிவிடும், பாகத்தின் வலுவே குறையும். எபாக்சி பிரைமர் அப்படியில்லை. சரியாகப் பிடித்திருந்தால் அதுவே நிரந்தர அடித்தளம். வெயிலில் அதுவும் மேலாக வெளுத்துத் தூளாகும், இதை மறைப்பதற்கில்லை. ஆனால் அதிலுள்ள நிறமி கதிரைத் தடுப்பதால் சேதம் மேல்தோலோடு நிற்கிறது. கழுவி, 320ஆம் நம்பர் தாளால் லேசாகத் தேய்த்துவிட்டு அதன் மேலேயே அடிக்கலாம். டப்பாவோடு வரும் தாளில் அடுத்த கோட்டுக்கான கெடு போட்டிருப்பார்கள். அந்தக் கெடுவுக்குள் அடித்தால் தேய்க்காமலே பிடிக்கும், தாண்டினால் கட்டாயம் தேய்க்க வேண்டும்.

அடிப்பதற்கு முன் செய்யும் வேலையில்தான் எல்லாம் இருக்கிறது. ஓசூர் ஏறக்குறைய 900 மீட்டர் உயரம். மார்கழிக் காலையில் ஷெட் தகரத்தில் பனி சொட்டும். அந்த ஈரக் குளிரில் இறுகும் எபாக்சி ரெசின் மேல் மெழுகு மாதிரி ஒரு படலம் படியும். தின்னரால் துடைத்தால் அது இழுபட்டுப் பரவும், அவ்வளவுதான். வெந்நீரும் நாரும் போட்டுக் கழுவி, உலரவிட்டு, பிறகுதான் தேய்க்க வேண்டும். தேய்த்ததும் விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பரப்போடு ஒட்டிச் சாய்த்துப் பிடியுங்கள். கவுலிங்கின் வளைவில் குண்டூசி குத்தினாற்போல் துளைகள் வரிசையாகத் தெரியும், ஒவ்வொன்றிலும் தேய்த்த வெள்ளைத் தூள் அடைத்திருக்கும். ஊதி எடுத்துவிட்டு, வெறும் ரெசினைப் பழைய ஏ.டி.எம். கார்டால் அழுத்தி இழுத்தால் துளைக்குள் இறங்கும். பிரைமர் தானாக மூடிவிடும் என்று நம்பி விட்டால், அது ஒவ்வொரு துளையின் விளிம்பிலும் வளையமாகத்தான் நிற்கும்.

நிறம் வெள்ளை, இல்லையென்றால் வெளிர் சாம்பல். சாதாரண அறை வெப்பத்தில் இறுகிய எபாக்சி பல 60 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே இளக ஆரம்பிக்கும். சித்திரை வெயிலில், அதுவும் தர்மபுரி பக்கம், கறுப்புப் பிரைமர் அடித்த பாகம் அதைச் சுலபமாகத் தாண்டிவிடும். பெங்களூரு என்.ஏ.எல். (தேசிய விண்வெளி ஆய்வகம்) உருவாக்கி 1993இல் முதன்முதலாகப் பறந்த ஹன்சா மாதிரியான கண்ணாடியிழை விமானங்களைப் பெரும்பாலும் வெள்ளையில் பார்ப்பதற்கும் இந்தச் சூடுதான் காரணம்.

மெல்லிய இரண்டு கோட் போதும். எலிவேட்டர், ரடர் (வாலில் கீல் போட்டு அசையும் பாகங்கள்) முனைகளில் கை தாராளம் கூடாது. கீலுக்குப் பின்னால் ஏறுகிற ஒவ்வொரு கிராமும் எடைச் சமநிலையைக் கெடுக்கும். கடைசிப் பெயிண்டுக்குப் பிறகும் அதை மறுபடி சரிபார்த்தே ஆக வேண்டும். எபாக்சி ஹார்டனர் தோலுக்கு ஒவ்வாமை தரும், கையுறையும் ஆவியை வடிகட்டும் கார்ட்ரிட்ஜ் முகமூடியும் இதற்கும் வேண்டும்.

எங்கள் கவுலிங் இந்தப் பிரைமரோடு ஒரு கோடையையும் ஒரு பருவமழையையும் முற்றத்தில் நின்றே பார்த்துவிட்டது. கொஞ்சம் வெளுத்திருக்கிறது, எங்கும் உரியவில்லை. பறக்கும் வேகத்தில் மழைத்துளி முன்விளிம்பை எவ்வளவு அரிக்கும் என்பது எங்களுக்கு இன்னும் அனுபவத்தில் இல்லை. அதனால் சக்கர உறைகளின் முன்பக்கத்துக்கு மட்டும் ஒரு கோட் கூடுதலாகக் கொடுத்திருக்கிறோம்.

கவுலிங்கின் உள்பக்கத்தையும் விட்டுவிடாதீர்கள். எண்ணெயும் பெட்ரோலும் தெறிப்பது அங்கேதான். வெறும் ரெசினைப் பிரஷ்ஷால் பூசி, இறுகியதும் கழுவித் தேய்த்து, மேலே வெள்ளை எபாக்சி பிரைமர் ஒரு கோட் கொடுத்தால் இழை எதையும் குடிக்காது. இன்ஜினில் எங்காவது ஒரு சொட்டு கசிந்தாலும் வெள்ளையில் உடனே தெரிந்துவிடும்.